விளிம்பில் ஓடியவர்

நுழையும்முன்

போட்டித்தொடரின் புள்ளிப்பட்டியலில் மேல்வரிகளையே நாளிதழ்கள் பெரிதாக அச்சிடுகின்றன. கீழ்வரிகளில் நிற்கும் அணிகளுக்கும் ஒரு போராட்டம் உண்டு. அங்கு ஆடுவோர்க்கும் ஒரு வாழ்க்கை உண்டு. பிரான்சு நாட்டின் சிறுநகர் ஒன்றில் தொடங்கி, ஐரோப்பிய அணிகள் பலவற்றைக் கடந்து, முப்பத்து மூன்றாம் வயதில் சென்னைக்கு வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஒருவரின் விளையாட்டு வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெள்ளமும் ஆட்டமும்

சேக்கிழார் பிறந்த ஊராகிய குன்றத்தூரின் அருகே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு நீர்மட்டம் 24 அடி. கோடையில் சென்னை மாநகரின் தாகம் தணிக்கும் அவ்வேரி, 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் வேறொரு முகத்தைக் காட்டியது. வடகிழக்குப் பருவமழை இடைவிடாது பெய்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. டிசம்பர் 1ஆம் நாள் இரவில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அளவிற்கு நீர் திறந்துவிடப்பட்டது. குன்றத்தூரை ஒட்டி ஓடிய அந்நீர் அடையாற்றில் கலந்தது. அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என ஆற்றங்கரைப் பகுதிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. வானூர்தி நிலையம் மூடப்பட்டது. தொடர்வண்டிகள் நின்றன. பலர் உயிரிழந்தனர், எண்ணற்ற குடும்பங்கள் உடைமைகளை இழந்து பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் தங்கின.

அத்தகைய நாள்களில் கால்பந்து ஆட்டம் ஒன்று எங்கு நடைபெறும் என்பது சிறிய செய்தியே. எனினும் அச்செய்தியும் இருந்தது. இந்தியன் சூப்பர் லீக் தொடரின் அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்த சென்னையின் எஃப்.சி. அணி, தன் சொந்த அரங்கமாகிய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆட இயலாத நிலை ஏற்பட்டது. சென்னையில் நடைபெற வேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் மகாராட்டிர மாநிலத்தின் புனே நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12ஆம் நாள், தம் ஊர் மக்கள் காண வாய்ப்பில்லாத அரங்கில், கொல்கத்தா அணியை எதிர்த்துச் சென்னை அணி களமிறங்கியது.

அவ்வணியின் தடுப்பு வரிசையில் 34 வயது ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பெர்னார் மெண்டி. பிரான்சு நாட்டின் தேசிய அணிக்காக ஆடியவர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர். ஆயினும் உலகப் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் மகிழுந்துகளை உருவாக்கிவரும் தொழிற்சாலையின் வழியாக, ரெனோ என்னும் பிரெஞ்சுப் பெயர் இவ்வட்டாரத்தார்க்கு நன்கு அறிமுகமானது. மெண்டி என்னும் பெயரோ, சென்னையில் மூன்று பருவங்கள் ஆடிய பின்னும், கால்பந்து ஆர்வலர் வட்டத்திற்கு வெளியே பெரிதாகப் பரவவில்லை.

எவ்ரூவிலிருந்து பாரிசுக்கு

பெர்னார் மெண்டி 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், பிரான்சின் வடபகுதியாகிய நார்மண்டியில் உள்ள எவ்ரூ நகரில் பிறந்தார். மெண்டி என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், கினி-பிசாவு நாடுகளில் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர். கடல் கடந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகள் பிரான்சின் கால்பந்தில் தழைத்து ஓங்கியது அந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் முதன்மையான பகுதியாகும். பின்னாளில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதாகிய தங்கப்பந்தை 2025இல் பெற்ற உஸ்மான் டெம்பெலே வளர்ந்ததும் இதே எவ்ரூவில்தான்.

பிரான்சில் தொழில்முறை அணிகள் இளையோர்க்கெனப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. பதின்பருவச் சிறுவர்கள் அங்குத் தங்கிப் பள்ளிக்கல்வியோடு கால்பந்தும் கற்கின்றனர். தொழில்முறை ஒப்பந்தம் கிடைப்பதோ அவர்களுள் மிகச் சிலர்க்கே. ஏனையோர் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வேறு வேலை தேடிச் செல்ல வேண்டும். மெண்டி, நார்மண்டியிலேயே உள்ள கான் நகர அணியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வணி அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதை எட்டிய நிலையில், தலைநகரின் பெரிய அணியாகிய பாரிஸ் சான் ஜெர்மேன் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

அவருக்கு அளிக்கப்பட்ட இடம் வலப்புற ஓரம். பன்னாட்டு ஆட்டங்களுக்குரிய கால்பந்துக் களம் வழக்கமாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. அதன் வலப்பக்க எல்லைக்கோட்டை ஒட்டி, எதிரணியின் தாக்குதலைத் தடுப்பதும், பந்து கிடைத்த கணமே நெடுக ஓடி முன்களத்திற்குத் துணை செய்வதும் அவ்விடத்தில் ஆடுபவரின் கடமை. நடுக்களத்தில் ஆடுபவர்க்கு நான்கு புறமும் வழி உண்டு. ஓரத்தில் ஆடுபவர்க்கு ஒருபுறம் எல்லைக்கோடு. கோட்டிற்கு அப்பால் பந்து சென்றால் அது எதிரணிக்குரியதாகிவிடும். ஆகவே ஓரத்தில் ஆடுபவர்க்கு வேகமே முதற்பொருள். மெண்டியிடம் அது மிகுதியாக இருந்தது. பந்தை உரிய இடத்திற்கு அனுப்பும் துல்லியம் அந்த அளவிற்கு அமையவில்லை. நெடுந்தொலைவு ஓடிச்சென்று அவர் அனுப்பும் பந்து சில வேளைகளில் யாருமற்ற இடத்தில் விழும். பாரிஸ் இரசிகர்கள் அவரைக் கொண்டாடியதும் கடிந்துகொண்டதும் ஒரே ஆட்டத்தில் நிகழ்வதுண்டு.

ஓர் ஓட்டம்

2004ஆம் ஆண்டு மே 20ஆம் நாள். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றி நூறாண்டு நிறைவதைக் கொண்டாடப் பிரான்சும் பிரேசிலும் பாரிசை அடுத்த சேன் தெனியில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் மோதின. பிரேசில் அப்போதைய உலகக்கோப்பை வாகையர். அவ்வணியின் இடப்புற ஓரத்தைக் காத்தவர் ராபர்டோ கார்லோஸ். அந்த இடத்தில் உலகிலேயே தலைசிறந்தவர் என்று அன்று போற்றப்பட்டவர்.

மெண்டிக்கு அது பிரான்சு அணியின் முதல் ஆட்டம். வலப்புறத்தில் பந்தை முன்னால் தள்ளிவிட்டு அவர் ஓடத் தொடங்கினார். அவரை நோக்கி வந்த ராபர்டோ கார்லோஸ் சில அடிகளிலேயே பின்தங்கிவிட்டார். கோல் எதுவும் விழவில்லை. ஆட்டமும் 0–0 எனச் சமநிலையில் முடிந்தது. ஆயினும் அந்த ஒற்றை ஓட்டம் பிரெஞ்சு இரசிகர்களின் நினைவில் இன்றும் நிலைத்திருக்கிறது. மெண்டியின் பெயரைக் கேட்டதும் அவர்கள் சொல்லும் முதற்செய்தி அதுவே.

அவ்வோட்டத்தைக் கண்டோர், பிரான்சு அணிக்கு அடுத்த பத்தாண்டுகளுக்கு வலப்புறத் தடுப்பாட்டக்காரர் கிடைத்துவிட்டார் என எண்ணியிருக்கக்கூடும். நடந்தது வேறு. அந்த ஆண்டில் மட்டும் மூன்று ஆட்டங்கள். அவ்வளவே அவருடைய தேசிய அணி வாழ்க்கை. வில்லி சாஞோல் அவ்விடத்தை உறுதியாகப் பற்றிக்கொண்டார். 2006 உலகக்கோப்பை இறுதியாட்டம் வரை அவரே ஆடினார். இருபத்து மூன்று வயதில் உச்சத்தின் வாயில் ஒருவருக்கு மூடப்பட்டுவிட்டால், எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுகளை அவர் எவ்வாறு ஆடித்தீர்ப்பார் என்பதுதான் மெண்டியின் வாழ்க்கையில் கவனிக்கத்தக்க பகுதி.

கீழ்வரிகளின் போராட்டம்

ஐரோப்பியக் கால்பந்தில் ஒவ்வொரு நாட்டிலும் அணிகள் பல பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. பருவத்தின் முடிவில் முதற்பிரிவின் கடைசி அணிகள் இரண்டாம் பிரிவிற்கு இறக்கப்படும்; இரண்டாம் பிரிவில் சிறந்து விளங்கியவை மேலேற்றப்படும். இருபது அணிகள் ஆடும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கடைசி மூன்று அணிகள் இறங்கும். இறங்கும் அணிக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாய் வெகுவாகக் குறையும். ஆட்டக்காரர் சிலரின் ஊதியம் குறைக்கப்படும், சிலர் விற்கப்படுவர். அரங்கின் நுழைவாயிலில் சீட்டுக் கிழிப்பவர் முதல் அலுவலகப் பணியாளர் வரை பலரின் வேலை கேள்விக்குறியாகும். ஆகவே, பட்டியலின் 17ஆம் இடத்திற்கும் 18ஆம் இடத்திற்கும் இடையே உள்ள தொலைவு, முதலிடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது. முன்னது பிழைப்பைப் பற்றியது. பின்னது பெருமையைப் பற்றியது.

மெண்டியின் வாழ்க்கை அந்தக் கோட்டை ஒட்டியே பலமுறை ஓடியது. 2002ஆம் ஆண்டு பாரிஸ் அணி அவரை ஓராண்டுக்குக் கடன்முறையில் இங்கிலாந்தின் போல்டன் அணிக்கு அனுப்பியது. ஓர் அணியோடு ஒப்பந்தம் உள்ள ஆட்டக்காரரைக் குறிப்பிட்ட காலத்திற்கு மற்றோர் அணி பெற்றுக்கொள்வதே கடன்முறை. நைஜீரியாவின் புகழ்பெற்ற நடுக்கள ஆட்டக்காரர் ஜே-ஜே ஒகோச்சாவும் அதே கோடையில் பாரிசிலிருந்து போல்டனுக்குச் சென்றார். பருவத்தின் கடைசி நாள் வரை இறங்கும் அச்சத்தில் இருந்த போல்டன், இறுதி ஆட்டத்தில் மிடில்ஸ்பரோவை 2–1 என வென்று 44 புள்ளிகளுடன் 17ஆம் இடத்தில் தப்பியது. 42 புள்ளிகள் பெற்ற வெஸ்ட் ஹாம் இறங்கியது.

பாரிசுக்குத் திரும்பிய பின் வெற்றிகளும் வந்தன. 2004இலும் 2006இலும் பிரெஞ்சுக் கோப்பையை அவ்வணி வென்றது. பாரிஸ் சான் ஜெர்மேன் இன்று பெருஞ்செல்வம் படைத்த அணி; அன்று அவ்வாறில்லை. 2007–08ஆம் பருவத்தில் முதற்பிரிவிலிருந்தே இறங்கிவிடும் நிலைக்கு அது தள்ளப்பட்டது. அத்தகைய நெருக்கடியில்தான் 2008 மார்ச் 29ஆம் நாள் லீக் கோப்பையின் இறுதியாட்டம் வந்தது. எதிரணி லான்ஸ். ராபர்டோ கார்லோசை முந்திய அதே சேன் தெனி அரங்கம். ஆட்டம் 1–1 என்றிருந்தது. 90 நிமிடங்கள் கடந்து, இழப்பு நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் பாரிசுக்குப் பெனால்டி வாய்ப்பு கிடைத்தது.

பெனால்டி என்பது கோல்கம்பத்திற்கு முன்னே 11 மீட்டர் தொலைவில் பந்தை வைத்து, கோல்காப்பாளர் ஒருவரை மட்டும் எதிர்கொண்டு உதைப்பது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கணக்கின்படி உதைப்பவர்க்கே வாய்ப்பு மிகுதி. அதனாலேயே தவறினால் பழியும் மிகுதி. முன்கள ஆட்டக்காரர் உதைப்பது வழக்கமான அவ்வேளையில், பந்தை எடுத்துக்கொண்டு முன்வந்தவர் தடுப்பாட்டக்காரராகிய மெண்டி. பந்து வலைக்குள் சென்றது. பாரிஸ் 2–1 என வென்றது. எட்டாண்டுகளாகத் தம்மைக் கொண்டாடியும் கடிந்தும் வந்த இரசிகர்களுக்கு அவர் விட்டுச்சென்ற பரிசு அது. மே மாதத்தின் நடுவில், கடைசி ஆட்டத்தில் சோஷோ அணியை 2–1 என வென்ற பின்னரே பாரிஸ் முதற்பிரிவில் தன் இடத்தை உறுதிசெய்துகொண்டது.

அந்தக் கோடையில் மெண்டி இங்கிலாந்தின் ஹல் சிட்டி அணியில் சேர்ந்தார். அவ்வணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக முதற்பிரிவுக்கு ஏறியிருந்தது. 2008 நவம்பர் 1ஆம் நாள், ஐரோப்பிய வாகையராகிய மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த அரங்கிலேயே ஹல் எதிர்கொண்டது. யுனைடெட் 4–1 என முன்னிலை பெற்றபோது ஆட்டம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது. 69ஆம் நிமிடத்தில், தமக்கு முன்னே வந்த கோல்காப்பாளரின் தலைக்கு மேலாகப் பந்தை ஏந்தி எறிந்ததுபோல் உதைத்து மெண்டி ஒரு கோல் அடித்தார். பின்னர் மேலும் ஒன்று விழுந்தது. இறுதியில் 4–3. தோல்விதான்; ஆனால் அன்று யுனைடெட் இரசிகர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தனர்.

அப்பருவத்தின் கடைசி நாளில் ஹல் மீண்டும் யுனைடெட்டிடம் 0–1 எனத் தோற்றது. ஆயினும் அதே நேரத்தில் வேறோர் அரங்கில் நியூகாசில் அணியும் தோற்றதால், 35 புள்ளிகளுடன் ஹல் தப்பியது. நியூகாசிலுக்கு 34 புள்ளிகள். ஒரு புள்ளி! அடுத்த ஆண்டு அந்த நற்பேறு வாய்க்கவில்லை, ஹல் இறங்கியது. மெண்டி டென்மார்க்கின் ஓடென்ஸ் அணிக்குச் சென்றார். அதன்பின் மீண்டும் பிரான்சுக்குத் திரும்பிப் பிரெஸ்ட் அணியில் ஆடினார்.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு அணியை ஒலிம்பிக் களத்தில் இந்தியா இருமுறை எதிர்கொண்டுள்ளது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் அடித்த கோல் ஆட்டத்தைச் சமன்செய்தது. கடைசி நேரத்தில் பிரான்சு மற்றொரு கோல் அடித்து 2–1 என வென்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் ராமனுடையதே. 1960 உரோம் ஒலிம்பிக்கில் இரு நாடுகளும் 1–1 எனச் சமநிலை கண்டன. அதே ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை.

வேகம் விடைபெற்ற பின்

ஓட்டக்காரரின் கால்களுக்கு வயதுண்டு. முப்பதைக் கடந்த தடுப்பாட்டக்காரர் ஒருவரால், இருபது வயது இளைஞரை எல்லைக்கோட்டோரம் துரத்திப் பிடிப்பது அரிது. வேகத்தையே முதலாகக் கொண்டவர்களில் பலர் அவ்வயதில் களத்தைவிட்டு வெளியேறிவிடுகின்றனர். சிலர் மட்டும் களத்திற்குள்ளேயே இடம் மாறுகின்றனர். ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகின்றனர்.

தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுபவர்க்குத் தேவையானது வேறு வகைத் திறன். அங்கு ஓடிப் பிடிப்பதைவிட, ஓட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதே பெரிது. பந்து எங்கிருந்து எங்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே கணித்து அங்கு நிற்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் நால்வரும் ஒரே நேர்க்கோட்டில் முன்னேறவும் பின்வாங்கவும் வேண்டும். பந்து தம் பக்கத்தாரால் உதைக்கப்படும் கணத்தில், தடுப்பு வரிசையைத் தாண்டிக் கோலருகே முன்கூட்டி நிற்கும் எதிரணியினர் ஆஃப்சைடு விதியில் சிக்குவர். நால்வரில் ஒருவர் ஓரடி பின்தங்கி நின்றாலும் அப்பொறி வேலை செய்யாது. ஆதலால் நடுவில் நிற்பவர் ஆட்டம் முழுதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 'முன்னேறு', 'நில்', 'இடப்பக்கம் பார்' என்னும் சிறுசொற்களே அங்குக் கருவிகள்.

2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பட்டபோது மெண்டி சென்னையின் எஃப்.சி. அணியில் சேர்ந்தார். அத்தொடர் அப்போது அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், எட்டு அணிகள், அணிக்குப் பதினான்கு லீக் ஆட்டங்கள். சில மாத ஒப்பந்தம் என்பது திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்க்குப் புதிதன்று. ஊதியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தாலும், அடுத்த பருவத்திற்கு அழைப்பு வருமா என்னும் ஐயம் இருசாரார்க்கும் பொதுவே. மெண்டிக்கு அழைப்பு மும்முறை வந்தது.

அணியின் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாத்தெராசி. 2006 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்சின் சினெடின் சிடான் தலையால் மோதிக் கீழே தள்ளியது இவரைத்தான். அவ்விறுதியாட்டத்தில் இத்தாலியிடம் தோற்ற பிரான்சு அணியில் இடம்பெற்றிருந்த மிக்கேல் சில்வெஸ்த்ரும் 2014இல் சென்னைக்காக ஆடினார். பெர்லினில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தவர்கள் சென்னையில் ஒரே அணியாயினர். அவ்வாண்டு லீக் சுற்றில் சென்னை முதலிடம் பெற்றது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கேரள அணியிடம் கொச்சியில் 0–3 எனத் தோற்றது. சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் 3–0 என முன்னேறிக் கணக்கைச் சமன்செய்த பின், கூடுதல் நேரத்தின் முடிவுக்குச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு கோலை விட்டுக்கொடுத்து வெளியேறியது.

கடைசி இடத்திலிருந்து

2015ஆம் பருவம் மோசமாகத் தொடங்கியது. பத்து ஆட்டங்களின் முடிவில் சென்னைக்குப் பத்துப் புள்ளிகள் மட்டுமே இருந்தன. எட்டு அணிகளுள் எட்டாம் இடம். இந்தியன் சூப்பர் லீக்கில் அப்போது கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் முறை இருக்கவில்லை. ஆகவே போல்டனிலும் ஹல்லிலும் இருந்த அச்சம் இங்கில்லை எனலாம். அதுவே ஒருவகை இடர்ப்பாடும் ஆகும். இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணி, எஞ்சிய ஆட்டங்களைக் கடமைக்கு ஆடிவிட்டுக் கலைந்து செல்ல முடியும். அவ்வாறு கலைந்த அணிகளும் உண்டு.

சென்னை கலையவில்லை. கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா முன்களத்தில் கோல்களைக் குவித்தார். அப்பருவத்தில் அவர் அடித்தவை பதின்மூன்று. நாளிதழ்கள் அவரையே எழுதின, அது முறையும்கூட. ஆனால் பின்களம் உறுதிப்படாமல் எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் ஓரணி வெல்ல இயலாது. அப்பின்களத்தில் நின்றவர்கள் யாவர்? காஷ்மீரைச் சேர்ந்த மெஹராஜுதீன் வாடூ, மணிப்பூரின் தனச்சந்திர சிங், இத்தாலியின் அலெசாண்ட்ரோ பொடென்சா, பிரான்சின் மெண்டி. காஷ்மீரியும் மணிப்புரியும் இத்தாலியமும் பிரெஞ்சும் தாய்மொழியாக உள்ள நாட்டுப்புறங்களிலிருந்து வந்தவர்கள், சில ஆங்கிலச் சொற்களையும் கைச்சைகைகளையும் கொண்டு ஒரே கோட்டில் நகர்ந்தார்கள். நான்கு ஆட்டங்கள், பன்னிரண்டு புள்ளிகள். எட்டாம் இடத்தில் கிடந்த அணி 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் முடித்தது.

அவ்வேளையில்தான் வெள்ளம் வந்தது. அரையிறுதி புனேக்கு மாற்றப்பட்டது. சொந்த அரங்கில் ஆடும் அணிக்குக் கிடைக்கும் முதல் நன்மை, அரங்கை நிறைத்து எழும் குரல். அது அங்கில்லை. தங்கள் வீட்டு நீரை இறைத்துக்கொண்டும், நிவாரணப் பொருள்களைச் சுமந்துகொண்டும் இருந்த சென்னை மக்களுள், மின்சாரம் திரும்பியிருந்த வீடுகளில் இருந்தோர் சிலர் தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தைக் கண்டனர். சென்னை 3–0 என வென்றது. எதிரணிக்கு ஒரு கோலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை முன்களத்தின் மூன்று கோல்களுக்கு இணையாகவே எண்ண வேண்டும். ஏனெனில் டிசம்பர் 16ஆம் நாள் கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் சென்னை 1–2 எனத் தோற்றது. இரு ஆட்டங்களையும் சேர்த்து 4–2 என்பதால் இறுதியாட்டத்திற்குள் நுழைந்தது. புனேயில் காத்துவைத்ததே கொல்கத்தாவில் கைகொடுத்தது.

டிசம்பர் 20ஆம் நாள், கோவாவின் ஃபதோர்டா அரங்கில், கோவா அணிக்கு எதிராக இறுதியாட்டம் நடைபெற்றது. அரங்கம் முழுதும் கோவா இரசிகர்கள். 54ஆம் நிமிடத்தில் பெனால்டி உதை தடுக்கப்பட்டுத் திரும்பிய பந்தை ப்ரூனோ பெலிசாரி கோலாக்கினார். நான்கு நிமிடங்களில் கோவா சமன்செய்தது. 87ஆம் நிமிடத்தில் ஃப்ரீ கிக் ஒன்றை நேரே வலைக்குள் செலுத்தி 2–1 என முந்தியது. அரங்கில் வெற்றிக் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது.

மெண்டியின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு அந்த நிமிடங்கள் முன்பே பார்த்தவை போலத் தோன்றக்கூடும். 90 நிமிடங்கள் முடியும் வேளையில் ஏதோ ஒன்று நிகழ்ந்து அணி தப்புவது அவருடைய வாழ்வில் மீண்டும் மீண்டும் வந்த காட்சி. 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோலுக்கு முன்னே எழுந்த குழப்பத்தில் பந்து அவ்வணியின் கோல்காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் மேல் பட்டு வலைக்குள் சென்றது. பெனால்டி உதையைத் தடுத்து அன்று அரங்கின் பாராட்டைப் பெற்றவர் அவரே. விளையாட்டு சில வேளைகளில் இரக்கமற்றது. இரண்டு நிமிடங்களில் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். 3–2. சென்னை வாகை சூடியது. நீர் வடிந்து சேறு படிந்து கிடந்த தெருக்களில் சிலர் வெடி வெடித்தனர்.

பின்னர்

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மெண்டி கொல்கத்தாவின் பழம்பெரும் அணியாகிய ஈஸ்ட் பெங்காலுக்காக ஐ-லீக் தொடரில் ஆடினார். 2016இல் சென்னைக்குத் திரும்பினார். வாகையர் அவ்வாண்டு ஏழாம் இடத்தில் முடித்தனர். இம்முறை கடைசிநேர மீட்பு எதுவும் நிகழவில்லை.

சென்னை அணி 2018இல் மீண்டும் வாகை சூடியபோது, வடசென்னையின் வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேஷ் அதன் நடுக்களத்தில் ஆடினார். கோவாவிற்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் அடித்தார். முதல் வெற்றியில் உள்ளூர் இளைஞர் அதிகம் இல்லை என்று குறைகூறியவர்களுக்கு அது ஓரளவு விடையாயிற்று. ஓரளவுதான், சென்னைப் புறநகரின் பல பள்ளிகளில் கால்பந்தாட இன்றும் முழு அளவிலான களம் இல்லை.

மெண்டி களத்திலிருந்து ஓய்வுபெற்றபின் பாரிசுக்கே திரும்பினார். பெனால்டி உதைத்துக் கோப்பை பெற்றுத்தந்த அதே பாரிஸ் சான் ஜெர்மேனின் மகளிர் அணியில் துணைப்பயிற்சியாளர் ஆனார். ஒரு காலத்தில் ராபர்டோ கார்லோசை முந்தி ஓடியவர், எப்போது ஓடக்கூடாது, எங்கு நிற்க வேண்டும் என்பதை அங்கு இளம் ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளி அல்லது ஊர் அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடும் ஒருவரை நேர்கண்டு, ஓர் ஆட்டத்தில் அவர் செய்தவற்றைப் பார்வையாளர் கண்டவை, காணாதவை எனப் பிரித்து ஒரு பக்கம் எழுதுக.

2015ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது உங்கள் பகுதியில் நிகழ்ந்தவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.

கால்பந்து ஆட்டம் ஒன்றின் கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தமிழில் நேர்முக வருணனை எழுதி, வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுக. பிறமொழிச் சொற்களுக்கு நீங்கள் கையாண்ட தமிழ்ச்சொற்கள் வருணனையின் வேகத்திற்குப் பொருந்தினவா எனக் கலந்துரையாடுக.